முப்பதாவது வாரத்தில், ஒன்பது பேரோடு வேனில், கன்னியாகுமரி வரலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோவையில் இருக்கிறீர்கள். ஏப்ரல் நடுவில் மனைவிக்கு 26 வாரக் கர்ப்பம். மூத்த மகளுக்கு நாலரை வயது. மே இரண்டாவது வாரத்தில் உங்கள் பெற்றோர், அக்கா குடும்பம் என்று ஒன்பது பேர் ஒரு வேனில் கன்னியாகுமரி வந்து, படகில் போய் விவேகானந்தர் பாறையைப் பார்த்து, திற்பரப்பு அருவியில் குளித்து, மாத்தூர் தொட்டிப் பாலம், பத்மநாபபுரம் அரண்மனை என்று நான்கு நாள் சுற்ற வேண்டும். பிறகு மனைவியை மார்த்தாண்டம் பக்கத்தில் அவருடைய அம்மா வீட்டில் பிரசவத்துக்கு விட்டுவிட்டு, மூத்தவளைப் பள்ளி திறப்பதற்குள் கோவைக்கு அழைத்துப் போய்விட வேண்டும். இதுதான் திட்டம். “கர்ப்பிணி பயணம் செய்யலாமா” என்று ஒரு வரியில் கேட்டுவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இவ்வளவு தூரம் தாங்குமா? இந்தச் சுற்றுலா தாங்குமா? ஊர் மாறிப் பிள்ளை பெற என்ன ஏற்பாடு வேண்டும்? முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் தாங்கும். இரண்டாவதில் பாதிக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும். மூன்றாவதைப் பற்றி நீங்கள் இன்னும் யோசிக்கவே இல்லை என்று தோன்றுகிறது.

நான் இந்தக் குமரி மாவட்டத்துக் கல்குளம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, 34 ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் அல்ல. வீடு வீடாக ஏறி இறங்கிக் கர்ப்பிணிகளைப் பதிவு செய்ததும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்ததும், ஊர் பார்க்க வந்த இடத்தில் வலி கண்டவர்களோடு ஆம்புலன்ஸில் உட்கார்ந்து போனதும்தான் என் அனுபவம். எனவே பொதுவாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். உங்கள் மனைவிக்குப் பொருந்துமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நீங்கள் இங்கே எழுதவில்லை: முதல் பிரசவம் சுகப்பிரசவமா, அறுவையா? மூத்தவள் மாதம் முடிந்து பிறந்தாளா, முன்னதாகவே பிறந்தாளா? முன்னதாகப் பிறந்திருந்தாலோ, இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்திருந்தாலோ, இரட்டைப் பிள்ளையாக இருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, இடையில் உதிரம் பட்டிருந்தாலோ, ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, கீழே நான் எழுதுவது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது பேச வேண்டியது சுற்றுலாவைப் பற்றி அல்ல, அவரை இடம் மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பற்றி.

அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். பயணத்துக்கு நல்ல காலம் 14 வாரத்திலிருந்து 28 வாரம் வரை. வாந்தி அடங்கியிருக்கும், வயிறு இன்னும் மூச்சை முட்டாது, குறைமாதத்தில் வலி வரும் வாய்ப்பும் குறைவு. 28-க்குப் பிறகு கதவு அடைத்துவிடுகிறது என்று பொருள் இல்லை. பெரும்பாலான விமான நிறுவனங்களே 35, 36 வாரம் வரை மருத்துவர் சான்று பார்த்து ஏற்றுகின்றன. ஆனாலும் மே இரண்டாவது வாரத்தில் உங்கள் மனைவிக்கு 30 வாரம் ஆகிவிடும். அதோடு மே நான்காம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிடும். ஏப்ரல் கடைசி வாரத்திலேயே கிளம்பினால் 28 வாரத்துக்குள் முடிந்துவிடும், உச்ச வெயிலும் தப்பும். பள்ளி விடுமுறை விட்டிருக்கும், உங்களுக்கு அலுவலக விடுப்புதான் பிரச்சினை. இரண்டு வாரம் முன்னே தள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதத்தில் பலகாரம் கொண்டுபோய், வளை அடுக்கி, பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்த நம் பெரியவர்கள் வாரக் கணக்குத் தெரியாதவர்கள்தான். ஆனால் அவர்கள் பிடித்த நாளும் இந்த 28 வாரத்தை ஒட்டித்தான் வருகிறது.

அடுத்தது வேன். கோவையிலிருந்து மதுரை, திருநெல்வேலி வழியாக இங்கே வர ஏறக்குறைய 450 கிலோமீட்டர். ஒன்பது பேர், ஒரு சிறு பிள்ளை, இரண்டு பெரியவர்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வந்து சேர்வீர்கள். குலுங்கினால் வலி வந்துவிடும் என்று உங்கள் அம்மா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரணச் சாலைக் குலுக்கலால் பிரசவ வலி தொடங்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இடுப்பும் முதுகும் நோகும், அது உண்மை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அசையாமல் உட்கார்ந்திருப்பது. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். காலைத் தொங்கப்போட்டு நாலைந்து மணி நேரம் உட்கார்ந்தால் காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் அபாயம் உண்டு. அடிக்கடி நிகழ்வதில்லை, நிகழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. அது வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்களை எத்தனை பேர் பார்த்துவிட்டேன்! வேனில் கூச்சப்பட்டு “நிறுத்துங்கள்” என்று சொல்ல மாட்டார். நீங்களாகவே நிறுத்த வேண்டும்.

என்னைக் கேட்டால் அவரையும் மூத்தவளையும் உங்களையும் இரவு ரயிலில் வரச் சொல்வேன். கோவையில் ஏறிப் படுத்தால் விடியும்போது நாகர்கோவில். காலை நீட்டிப் படுக்கலாம், நடக்கலாம், கழிப்பறை பக்கத்திலேயே இருக்கும். கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் கூட்டமாக ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கைகொடுக்காது. அவர் டிக்கெட்டைத் தனியாகவோ, ஒருவர் துணையோடோ போடுங்கள். மருத்துவர் சான்றோடு முன்பதிவு மையத்தில் நேரில் கேட்பது நல்லது. மற்றவர்கள் வேனில் வந்து சேரட்டும். காரிலோ வேனிலோதான் வர வேண்டும் என்றால் சீட் பெல்ட்டை அவிழ்த்துவிடாதீர்கள். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் படிய வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே இறங்கி, வயிற்றுக்குப் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றின் மேல் குறுக்கே ஓடக் கூடாது. மூத்தவளை அவர் மடியில் உட்கார வைக்கவே கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் அந்தப் பிள்ளையின் மொத்த எடையும் வயிற்றில்தான் மோதும்.

இனி, பார்க்க வேண்டிய இடங்கள். பட்டியலிலிருந்து படகை முதலில் அடித்துவிடுங்கள், அவருக்கு மட்டும். படகுப் பயணம் சில நிமிடம்தான், அதில் ஒன்றும் பெரிய கேடு இல்லை. மே மாத வரிசைதான் கேடு. நெருக்கியடிக்கும் கூட்டத்தில், புழுக்கத்தில், ஒரு மணி இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். பிறகு ஆடுகிற படகில் ஏற ஒரு எட்டு, இறங்க ஒரு எட்டு. வயிறு முன்னே தள்ளியிருக்கும்போது உடம்பின் சமநிலை மாறியிருக்கும், கால் வைக்கிற இடமும் கண்ணுக்குத் தெரியாது. பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர்தான், நடப்பது எளிது. ஆனால் அதற்கும் இந்தப் படகில்தான் போக வேண்டும். நீங்கள் மகளோடு போய்விட்டு வாருங்கள். அவர் உங்கள் அம்மாவோடு கரையில் நிழலில் இருக்கட்டும். 133 அடி வள்ளுவர் கரையிலிருந்தும் நன்றாகவே தெரிவார்.

திற்பரப்பில் அருவிக்கு அடியில் நிற்பதும் வேண்டாம், பாசி படிந்த பாறையில் கால் வைப்பதும் வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் செங்குத்தான மரப்படிகள், கண்ணாடி போல வழுக்கும் தரை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும், ஒரு வழியாகச் சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீழ்த்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு முற்றத்தில் உட்காரலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். மாத்தூர் தொட்டிப் பாலத்தின் மேல் நடப்பது சமதளம்தான், 115 அடி உயரத்தில் காற்று நன்றாக வரும், தலை சுற்றாதவர் என்றால் காலையில் போகலாம். கீழே ஆற்றுக்கு இறங்கும் படிகளை மட்டும் விட்டுவிடுங்கள். கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டைக்குப் போக யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன். மாலை நான்கு மணிக்குப் புல்தரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கர்ப்பிணிக்கு இதைவிட நல்ல சுற்றுலா இந்த மாவட்டத்தில் இல்லை.

மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் கடலில் முங்கக் கூடாது என்று உங்கள் அம்மா சொன்னதாகச் சிரிப்பு அடையாளத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கடலில் குளிப்பதற்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் மருத்துவத்தில் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் கடலில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ தொலைவில் எழுந்த அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து, வெயில் அடிக்கிற அமைதியான கரையில் திடீரென்று ஏறும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அப்படித்தான் உயிரிழந்தார்கள். எச்சரிக்கை விடுத்திருந்த நாள் அது. அதனால் காரணம் தப்பு என்றாலும் உங்கள் அம்மாவின் பேச்சைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். மகளையும் முழங்கால் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இரண்டு வரியில் முடிக்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீர், சூடான சாப்பாடு. சாளை, நெத்திலிக் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். சுறா போன்ற பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் இப்போதைக்குத் தவிர்க்கலாம். அக்கானி, அதாவது பதநீர், கிடைத்தால் ஒரு டம்ளர் குடிக்கட்டும், சர்க்கரை கூடியிருப்பதாகப் பரிசோதனையில் வந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்காத மூன்றாவது கேள்வி. ஒரு டிசம்பர் விடுமுறையில், ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் ஊரே திணறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், எங்கள் நிலையத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஈரோட்டுக் குடும்பம். அந்தப் பெண் காலில் ஈர மணல் ஒட்டியிருக்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். “நீர் கசிகிற மாதிரி இருக்கிறது சிஸ்டர், சிறுநீரா பனிக்குட நீரா என்று தெரியவில்லை” என்றாள். எத்தனை வாரம் என்று கேட்டேன். எட்டு மாதம் என்றார் மாமியார். பரிசோதனைக் கோப்பைக் கேட்டேன். கணவர் தோள்பையைத் துழாவி மேசையில் வைத்தது விடுதி ரசீது, படகு டிக்கெட், செல்பேசி சார்ஜர், ஒரு பொட்டலம் சிப்ஸ். கோப்பு ஈரோட்டில் பீரோவில் இருந்தது. ரத்த வகை கேட்டால் கணவர் பி பாசிட்டிவ் என்கிறார், அவளோ ஓ நெகட்டிவ் என்று நினைக்கிறேன் என்கிறாள். 108-ஐ அழைத்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடன் போனேன். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. அங்கே சோதித்தபோது அவள் சொன்னதுதான் சரி, ஓ நெகட்டிவ். வாரக் கணக்கு, நஞ்சு இருக்கும் இடம், சர்க்கரை, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார்கள். நான்கு நாள் கழித்துப் பிள்ளை பிறந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்து, நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கோப்பு மட்டும் கையில் இருந்திருந்தால் அன்றைய இரவின் பாதிப் பதற்றம் இருந்திருக்காது.

ஆகவே கோப்பு வேனின் மேல் கட்டிய பெட்டியில் அல்ல, அவர் கைப்பையில் இருக்க வேண்டும். எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், தாய் சேய் நல அட்டை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு முறை பரிசோதனைக்குப் போய், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ரொம்பவும் குறைந்திருந்தால் பயணத்தைவிட அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். மார்த்தாண்டம் வந்த முதல் வாரத்திலேயே அம்மா வீடு இருக்கும் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடம் போய், இங்கேதான் பிரசவம் என்று சொல்லிவிடுங்கள். அதே எண் இங்கேயும் செல்லும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் சேர்ந்திருந்தால், அதன் தவணைகளுக்கும் இந்தத் தகவல் வேண்டும்.

எந்த மருத்துவமனை என்பதையும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பக்கத்தில் குழித்துறை அரசு மருத்துவமனை, சற்றுத் தள்ளித் தக்கலை, பெரிய சிக்கல் என்றால் ஆசாரிபள்ளம். தனியாரும் நிறைய உண்டு. மேற்குப் பகுதிக்காரர்கள் பலர் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கும் போவார்கள். அதில் தவறில்லை. ஆனால் பிள்ளை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் 21 நாளுக்குள். கேரளத்தில் பிறந்தால் சான்றிதழ் கேரளத்திலிருந்துதான் வரும். முதல் பிரசவம் அறுவையாக இருந்தால், எந்த நேரத்திலும் அறுவை செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதி உள்ள இடம்தான் வேண்டும், வீட்டுக்குப் பக்கம் என்பது இரண்டாவது. உதிரம், நீர்க் கசிவு, விட்டுவிட்டு வரும் வலி, கடும் தலைவலி, கண் மங்குதல், முகம் கை வீங்குதல், பிள்ளையின் அசைவு குறைதல், காய்ச்சல் என்று இவற்றில் எது வந்தாலும் சுற்றுலாவை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். “விடுதிக்குப் போய்ப் படுத்துப் பார்க்கலாம்” என்று சொல்கிறவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கடைசியாக மூத்தவள். உங்கள் கேள்வியில் அவளுக்கு அரை வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், எனக்கு அந்த அரை வரிதான் உறுத்தியது. இது மருத்துவம் அல்ல, நிறைய வீடுகளில் பார்த்த ஒருத்தியின் கருத்து. உங்கள் மகள் வயதில் ஒரு சிறுமியைப் பிரசவ வார்டில் பார்த்தேன். இரண்டு மாதமாக அப்பாவோடு வேறு ஊரில் இருந்துவிட்டு, தம்பி பிறந்த மறுநாள் வந்தாள். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். தாய் கூப்பிடக் கூப்பிட வரவில்லை. பிள்ளையைப் பார்க்கவும் இல்லை. தாயின் நைட்டியில் ஒரு பொத்தான் பாதி அறுந்து தொங்கியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி “தம்பி பாப்பாவைப் பார்க்கவில்லையா” என்று தள்ளிவிட்டதும் அழத் தொடங்கினாள். ஊர் சுற்றிய மகிழ்ச்சி முடிந்த கையோடு அம்மா காணாமல் போய், பிறகு ஒருநாள் வேறொரு பிள்ளையோடு அகப்படுகிறாள் என்றால் நாலரை வயதுக்கு அதை எப்படிப் புரிந்துகொள்வது? யூகேஜி இரண்டு மாதம் தாமதமானால் ஒன்றும் முழுகிவிடாது. முடிந்தால் அம்மாவோடு மார்த்தாண்டத்திலேயே இருக்கட்டும். பரிசோதனைக்குப் போகும்போது கூடப் போகட்டும், குட்டித் துணிகளை அவள் மடிக்கட்டும். பாட்டிக்கு இரட்டை வேலை என்பது உண்மை. அவரால் முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம், நீங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மகளை அழைத்து வந்து காட்டிவிட்டுப் போங்கள்.

உங்கள் கணக்குப்படி பிரசவம் ஜூலை மூன்றாவது வாரம். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட விரைவில் முடிந்துவிடும். வலி கண்டது என்று தொலைபேசி வந்த பிறகு கோவையில் கிளம்பினால் நீங்கள் பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்திருக்கும். அது எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் காலமும்கூட. ஜூலை பத்துக்குள் நீங்கள் இங்கே வந்துவிட வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜூலை 8-ஆம் தேதி ரயிலுக்கு மே 9-ஆம் தேதி காலை எட்டு மணி, நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள்.